கூரை தந்தவர்கள், காணி கேட்டவர்கள்

திருகோணமலையில் வீடில்லாதவர்களைத் தெருவோரத்தில் தேடினால் ஒருசிலரையே காணலாம். பேருந்து நிலைய வாங்கிலும் கோயில் வீதியிலும் படுத்துறங்குவோர் எந்த நகரத்தையும் போல இங்கும் உண்டு. ஆனால் இந்த மாவட்டத்தின் வீடின்மை பெரும்பாலும் வேறிடங்களில் கிடந்தது. பாடசாலை வகுப்பறைகளில், ஆலய வளாகங்களில், கிளிவெட்டியின் தகரக் கொட்டில்களில், உறவினர் வீட்டு விறாந்தைகளில், கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் அது பல்லாண்டுகள் கிடந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஊர் இருந்தது. காணி இருந்தது. பலரிடம் உறுதியும் அனுமதிப்பத்திரமும்கூட இருந்தன. அந்தக் காணிக்குப் போய் ஓர் அடுப்பு மூட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்கள் முன் கிறிஸ்தவ நம்பிக்கை என்ன செய்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஓடிவந்தவருக்குக் கதவு திறப்பதில் இம்மாவட்டத்தின் திருச்சபைகள் பெரும்பாலும் தயங்கவில்லை. தயக்கம் வந்தது அடுத்த படியில். இவர்களின் காணி ஏன் இவர்களிடம் இல்லை என்று உரத்துக் கேட்கவேண்டிய இடத்தில், அதைக் கேட்டவர்கள் சிலரே. அந்தச் சிலரின் பணியைத்தான் நான் நற்செய்தியின் முழுமையான பணி என்று கருதுகிறேன்.

துறைமுகத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடநூல்கள் பெருமையோடு சொல்லும் இந்தக் குடா, தன்னைச் சூழ வாழ்ந்தவர்களின் நிலத்தின்மீது ஓயாத கண்ணை வரவழைத்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என ஒவ்வொருவரும் இதற்காக மோதினர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இதற்காகத்தான். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபின்பும் கரையோர நிலம் சாதாரண நிலமாக மாறவில்லை. கடற்படை முகாம், துறைமுக அதிகாரசபையின் எல்லை, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், கைத்தொழில் வலயம், மின்நிலையம் என்று ஒவ்வொரு காலத்திலும் புதிய பெயரில் ஒரு கோரிக்கை வந்தது. வேறு மாவட்டங்களில் போர் ஓய்ந்ததும் பலர் வீடு திரும்பினர். இங்கே போர் ஓய்ந்த பின்பும் நிலத்தைத் திருப்பிக் கொடுக்காமலிருக்கக் காரணங்கள் வரிசையாக நின்றன.

இந்தக் கரையில் கிறிஸ்தவத்தின் வரலாறு களங்கமற்றதன்று. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயக் கத்தோலிக்கர். ஒரு மக்களின் தெய்வத்தையே வீடிழக்கச் செய்த நினைவு இந்துக்களின் மனத்தில் இன்றும் மறையவில்லை. அந்த நினைவு நியாயமானது. பிற்காலத்தில் வந்த மிஷன்கள் வேறு முகம் காட்டின. மெதடிஸ்தர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து பாடசாலைகள் அமைத்தனர். 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாகி, பிரெஞ்சு இயேசு சபையினர் வசம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து இயேசு சபைக் குருக்கள் வந்தனர். இன்றும் மாவட்ட மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் இருபதில் ஒரு பங்கை ஒட்டியவர்களே. முஸ்லிம்கள், இந்துக்கள், பௌத்தர்கள் என்ற மூன்று பெரிய சமூகங்களுக்கு நடுவே வாழும் சிறு கூட்டம் இது. ஆகவே இங்கே ஓர் ஆலயம் அகதிகளுக்குக் கதவு திறந்தால், உள்ளே வருபவர்கள் பெரும்பாலும் அந்த ஆலயத்தைச் சேராதவர்கள்.

போர்க்காலத்தில் ஆலயம் தஞ்சமிடமானது எப்படி என்று வெளியூரார் கேட்பதுண்டு. ஊரில் வெடிச்சத்தம் கேட்டதும் சனம் பெரிய கட்டடத்தைத் தேடும். பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எது அருகில் இருக்கிறதோ அங்கே ஓடும். ஆலய வளாகத்தில் மதிலும் கிணறும் இருக்கும். குருமனையில் தொலைபேசி இருக்கும். முதல் இரவு பாயும் தேநீரும் போதும். மறுநாள் காலையில் கிடாரம் ஏறவேண்டும், குழந்தைகளுக்குப் பால்மா வேண்டும், மலசலகூடம் வெட்டவேண்டும். கன்னியர் மடத்தின் ஓர் அறை கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கப்படும். பங்குத்தந்தையோ போதகரோ கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் பெயர்ப்பட்டியல் கொடுத்து உலர் உணவுக்கு அலைவார். இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை இரவில் வரும். சுற்றிவளைப்பில் இளைஞர்களைக் கேட்டு ஆயுதத்தோடு வருபவர்களின் முன், எந்தத் தரப்பினராயினும், வாசலில் அங்கியோடு நிற்கவேண்டும். அந்த அங்கி சில வேளை காத்தது. சில வேளை காக்கவில்லை. மன்னாரில் 1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கமும், 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியானும், மட்டக்களப்பில் 1988 ஜூனில் சந்திரா பெர்னாண்டோ அடிகளும் கொல்லப்பட்டனர்.

திருகோணமலையோடு நெருங்கிய தொடர்புள்ள ஒருவரை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். யூஜின் ஜோன் ஹீபர்ட் அடிகள் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் கற்பித்தார். அங்கே கூடைப்பந்தாட்டம் பழக்கிய ஆசிரியராகவே ஒரு தலைமுறை அவரை நினைவில் வைத்திருக்கிறது. பின்னர் மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் நிலையமொன்றின் பொறுப்பை ஏற்றார். அப்போது இரு மாவட்டங்களும் ஒரே மறைமாவட்டம். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். தமிழர்மீது பழிவாங்கல்கள் தொடர்ந்தன. அந்த நாட்களில் வாழைச்சேனைப் பகுதியில் சிக்குண்டவர்களுக்கு உதவப் போனார் அவர். ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள். ஸ்கூட்டரில் ஒரு தமிழ் இளைஞரை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவர் ஏறாவூரை அண்டிய பாதையில் காணாமற் போனார். இருவரையும் பற்றி இன்றுவரை தடயம் இல்லை. நாற்பது ஆண்டுகள் இந்த மக்களோடு வாழ்ந்தவருக்கு, அவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு நேர்ந்ததே நேர்ந்தது. அவருடைய சகாவான ஹரி மில்லர் அடிகள், மட்டக்களப்பில் காணாமற் போனவர்களின் விபரங்களைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து, அதிகாரிகளின் கதவுகளைத் தட்டினார். அடைக்கலம் கொடுப்பவர் சாட்சியாகவும் மாறவேண்டிவரும் என்பதை இவ்விருவரும் தம் வாழ்க்கையால் காட்டினர்.

காணியும் அகதியும் என்ற கேள்வி இதற்கு முன்பே எழுந்தது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவுக்கும் திருகோணமலை, மட்டக்களப்பு எல்லைப் புறங்களுக்கும் வந்து சேர்ந்தன. அவர்களைக் காட்டோரக் காணிகளில் குடியமர்த்தி, கிணறு வெட்டி, பாலர் பாடசாலை நடத்திய அமைப்பு காந்தியம். கட்டடக் கலைஞரான சொலமன் அருளானந்தம் டேவிட்டும் மருத்துவரான இராஜசுந்தரமும் அதன் தூண்கள். அது திருச்சபை அமைப்பன்று. காந்தியின் பெயரில், சமய எல்லை கடந்து நடந்த பணி. நிவாரணப் பொட்டலத்தோடு நின்றிருந்தால் அரசு அவர்களைப் பாராட்டியும் இருக்கும். வீடற்றவனை நிலத்தில் நிலைநிறுத்தியதால் அவர்கள் சந்தேகத்துக்குரியவர்களாயினர். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட், செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்புச் சிறை உடைப்பின்போது வெளியேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். நீண்டகாலம் சென்னையில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் மறைந்தார். சோறு கொடுப்பவரை அதிகாரம் சகித்துக்கொள்ளும், காணி கேட்பவரைச் சகிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1984 டிசம்பரில் மாவட்டத்தின் வடகோடியிலுள்ள தென்னமரவாடி முழுமையாக வெளியேறியது. அம்மக்கள் ஏறத்தாழ கால் நூற்றாண்டு முல்லைத்தீவுப் பக்கத்தில் வாழ்ந்தே திரும்பினர். 1990இல் திருகோணமலை மாவட்டத்துத் தமிழர் பெருந்தொகையாகத் தமிழ்நாட்டுக்குப் படகேறினர். மண்டபத்தில் இறங்கியவர்கள் அங்கிருந்து மாநிலமெங்கும் முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். வியட்நாம் படகு அகதிகளின் துயரைக் கண்டு 1980இல் பேதுரு அருப்பே அடிகள் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, அம்முகாம்களில் பிள்ளைகளின் கல்வியைத் தன் பொறுப்பாக ஏற்றது. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் அதே மக்களிடையே வேலை செய்தது. அந்த அமைப்பின் இலங்கைக் கிளை, திரும்பி வந்தவர்களுக்குக் குடியுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை எடுத்துக்கொடுப்பதில் திருகோணமலையில் பெரும் உழைப்பைக் கொட்டியது. இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் பலர் ஊருக்குப் போக முடியாமல் உப்புவெளியின் அலஸ்தோட்ட நலன்புரி நிலையத்தில் தேங்கினர். அந்நிய நாட்டில் அகதி, சொந்த மாவட்டத்திலும் அகதி. அங்கே பிறந்த குழந்தைகளுக்கு முகாமே ஊராயிற்று.

2004 டிசம்பர் 26 கடல் பொங்கியபோது மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோரம் முழுதும் வீடிழந்தது. உலகெங்குமிருந்து பணம் வந்தது. 1968இல் இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபை நிறுவிய செடெக் என்னும் காரித்தாஸ் அமைப்பும், கிழக்கில் அதன் கிளையாகிய எகெட் நிறுவனமும், மெதடிஸ்த திருச்சபையும், தேசியக் கிறிஸ்தவ மன்றமும் தற்காலிகக் கொட்டில்களையும் பின்னர் நிரந்தர வீடுகளையும் கட்டின. இந்தப் பணியின் பெறுமதியைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் இரண்டு உண்மைகளைச் சொல்லியாகவேண்டும்.

முதலாவது, அரசு அப்போது வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றரும் தெற்கில் 100 மீற்றரும் வீடு கட்டத் தடை விதித்தது. கடலோடியைக் கடலிலிருந்து விலக்கும் இந்த எல்லைக்குள் வீடு கட்ட நிறுவனங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே அவற்றில் பல கடலிலிருந்து தள்ளிக் கிடைத்த அரச காணியில் வரிசை வீடுகளைக் கட்டின. தடை பின்னர் தளர்த்தப்பட்டது. கூடவே, பதினைந்து இருபது ஆண்டுகளாகப் போரால் வீடிழந்து கொட்டிலில் கிடந்தவனுக்குக் கிடைத்ததைவிடப் பலமடங்கு உதவி, ஒரே காலையில் வீடிழந்தவனுக்குக் கிடைத்தது. நன்கொடையாளர்கள் சுனாமிக்கென்று கொடுத்த பணத்தைப் போர் அகதிக்குச் செலவிட முடியாதென்று கணக்காளர்கள் சொன்னார்கள். இரண்டு முகாம்கள் அருகருகே இருந்தபோது இந்த வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரிந்தது. அலையால் வந்த வீடின்மைக்குக் குற்றவாளி இல்லை. அதனால் அதற்கு உதவுவது எல்லோருக்கும் எளிதாயிற்று.

இரண்டாவது, மதமாற்றம் பற்றிய ஐயம். உதவிப் பொதியோடு துண்டுப்பிரசுரமும் கொடுத்த சில புதிய சபைகளின் நடத்தை இந்துக்களையும் பௌத்தர்களையும் புண்படுத்தியது. அந்த வருத்தத்தைப் பொறாமை என்று ஒதுக்கக்கூடாது. கோணேசர் கோயிலின் வரலாறு தெரிந்த மண்ணில் பசித்தவனிடம் விலை கேட்கும் தொண்டு இரட்டைத் தவறு. ஆனால் இதே ஐயத்தை அரசு கையில் எடுத்தபோது நடந்தது வேறு. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவை ஆசிரியச் சகோதரிகள் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கும் மசோதா இலங்கையின் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சமயம் பரப்புவதையும் எளியோருக்குப் பொருளுதவி செய்வதையும் ஒரே சபை இணைத்துச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் கூறியது. சபையின் அருட்சகோதரி இமாகுலேட் ஜோசப் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 2005இல் அக்குழு, சகோதரிகளின் மதச் சுதந்திரமும் சம உரிமையும் மீறப்பட்டதாக முடிவுசெய்தது. கொழும்பின் தீர்ப்பு மாறவில்லை. பல ஆண்டுகளாகப் பாடசாலையும் மருந்தகமும் நடத்திய கன்னியரின் நம்பிக்கையும் தொண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படவேண்டியவை என்று ஒரு நீதிமன்றம் கருதியதை நான் ஏற்கவில்லை. நம்பிக்கையே அவர்களை மருந்தகத்துக்கு அனுப்பியது. அந்த நம்பிக்கையை நோயாளியிடம் விலையாகக் கேட்காதவரை அதில் குற்றமில்லை.

இனி சம்பூர். இக்கட்டுரையின் நடுப்பொருள் அதுவே.

2006ஆம் ஆண்டு திருகோணமலைக்கு ஜனவரி 2ஆம் நாள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதோடு தொடங்கியது. ஏப்ரல் 12ஆம் நாள் சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்து கும்பல்கள் தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்தன. நகரத்து மக்கள் பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் தஞ்சம் புகுந்தனர். ஏப்ரல் 25ஆம் நாள் கொழும்பில் இராணுவத் தளபதிமீது தற்கொலைத் தாக்குதல் நடந்த சில மணி நேரத்தில் மூதூர் கிழக்கின்மீது விமானங்கள் குண்டு வீசின. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா மக்கள் அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கினர். ஜூலையில் மாவிலாற்று மதகை விடுதலைப் புலிகள் மூடினர். ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகரம் போர்க்களமாயிற்று. அந்த நகரத்தின் முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் நடந்தனர். ஓகஸ்ட் 4ஆம் நாள், பசிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரில் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீர் வசதி செய்யப் போனவர்கள் அவர்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

செப்டெம்பர் 4ஆம் நாள் சம்பூரை இராணுவம் கைப்பற்றியது. மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், கதிரவெளி, வாகரை என்று தெற்கே தள்ளப்பட்டனர். போகுமிடமெல்லாம் ஷெல் பின்னால் வந்தது. நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்தவர்கள் பலர் ஷெல் வீச்சில் இறந்தனர். எஞ்சியோர் மட்டக்களப்பு முகாம்களை அடைந்தனர். 2007 மார்ச்சில் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றித் திருகோணமலை மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். இது வற்புறுத்தலோடு நடக்கிறது என்று ஐ.நா. அகதிகள் உயர் ஆணையகம் கவலை வெளியிட்டது. ஊருக்குப் போகிறோம் என்று நம்பி ஏறியவர்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் இறக்கப்பட்டனர். பிறகு பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று சிதறினர். மே மாத இறுதியில் அதிவிசேட வர்த்தமானி ஒன்று அவர்களின் ஊர்களை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அங்கேதான் அமையும் என்றார்கள். 2012இல் 818 ஏக்கர் கனரகக் கைத்தொழில் வலயமாக அறிவிக்கப்பட்டது. கடற்படை முகாமின் வேலிக்குள் 237 ஏக்கர் போயிற்று.

சம்பூர் பத்திரகாளி அம்மனின் ஊர். மக்கள் பெரும்பாலும் இந்துக்கள். அவர்களோடு நின்ற பல தரப்பாரில் கிறிஸ்தவத் துறவியரும் இருந்தனர். எகெட் போன்ற அமைப்புகள் நிவாரணம் கொண்டு போயின. அது வழக்கமான பணி. வழக்கத்துக்கு அப்பால் போனவர் இயேசு சபையின் வீரேசன் யோகேஸ்வரன் அடிகள். திருகோணமலையில் மனித உரிமைகளைப் பாதுகாக்கும் நிலையமொன்றை நடத்தி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் காணி பறிபோனவர்களுக்கும் சட்ட உதவி செய்தார். விசாரணை என்றும் கண்காணிப்பு என்றும் நெருக்கடி வந்த காலத்தில் அதைச் செய்தார். கிளிவெட்டி முகாமில் நிவாரணம் நிறுத்தப்பட்டால் மக்கள் தாமாகவே மாற்றுக் காணியை ஏற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதிகாரத்தில் இருந்தது. பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒன்பது மழைக்காலம் தகரத்தின் கீழ் கிடந்து, சம்பூரைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றனர். இந்தப் போராட்டத்தின் நாயகர்கள் அம்மக்களே, சிறப்பாக அங்குள்ள பெண்கள். துறவியரின் பங்கு அவர்களுக்குப் பின்னால் வருவது. அதுவே சரியான இடமும்கூட.

1983இல் இம்மறைமாவட்டத்தின் ஆயராகி 2015இல் ஓய்வுபெற்ற கிங்ஸ்லி சுவாம்பிள்ளை ஆண்டகையின் காலம், போரின் தொடக்கத்திலிருந்து சம்பூர் மக்களின் மீட்சிவரை நீண்டது. 2013இல் வடக்கு கிழக்கைச் சேர்ந்த 133 கிறிஸ்தவக் குருக்களும் துறவியரும் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினர். அதற்கு முந்திய ஆண்டு, பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானத்தைக் கொழும்புப் பேராயர் எதிர்த்திருந்தார். ஒரே திருச்சபை, ஒரே திருப்பலி, ஆனால் பாதிக்கப்பட்டவர் யார் என்பதில் இரு மொழிகளின் மறைமாவட்டங்களும் உடன்படவில்லை. இந்தப் பிளவுதான் இலங்கைத் திருச்சபையின் மிகப் பெரிய தோல்வி என்று நான் கருதுகிறேன். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து முழங்காலிடும் மிகச்சில இடங்களில் ஒன்று அது. அங்கே எழுந்திருக்கவேண்டிய குரல் எழவில்லை.

விவிலியம் இந்த விடயத்தில் மழுப்பவில்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அரண்மனைக்கு அடுத்து இருந்தது. அரசனுக்கு அது தேவைப்பட்டது. நல்ல விலையோ மாற்றுத் தோட்டமோ தருவதாகவும் சொன்னான். முன்னோரின் நிலத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத். பொய் வழக்கு, பொய்ச் சாட்சி, கொலை, அதன்பின் கையகப்படுத்தல். எலியா அந்தத் தோட்டத்துக்கே நேரில் போய் அரசனைக் கண்டித்தான். மாற்றுக் காணி தருகிறோம் என்ற சொல்லைக் கிளிவெட்டியில் கேட்டவர்களுக்கு இந்தக் கதை பழையதாகத் தோன்றாது. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டில் ஒவ்வொருவனும் தன் காணிக்குத் திரும்பவேண்டும் என்று விதிக்கிறது. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் குடியிருப்போர் என்பது அதன் அடிப்படை. கத்தோலிக்கத் திருச்சபை 2025ஐ யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. திருயாத்திரைகளும் பவனிகளும் நடந்தன. யூபிலியின் முதற்பொருள் நிலம் திரும்புவது என்பதை மறைக்கல்வி வகுப்பிலிருந்து மறையுரைவரை எல்லா இடத்திலும் சொல்லியிருக்க வேண்டும்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மே மாதத்தில் 818 ஏக்கர் பற்றிய வர்த்தமானி அறிவித்தல் இரத்தாயிற்று. ஓகஸ்ட் 22ஆம் நாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சம்பூருக்கு வந்து காணிகளைக் கையளித்தார். 2016 மார்ச்சில் கடற்படை 177 ஏக்கரை விடுவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிலக்கரி மின்நிலையம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. திரும்பிப் போனவர்களை வரவேற்றது வீடன்று. சுவர் தரைமட்டம், கிணறு தூர்ந்திருந்தது, தென்னை இல்லை, எல்லைக் கல் இல்லை. அரசின் ஏட்டில் அவர்கள் மீள்குடியேறியவர்கள் ஆகிவிட்டார்கள். அகதிப் பட்டியலிலிருந்து பெயர் வெட்டப்பட்டதும் உதவியும் கவனமும் அகன்றன. ஒருவர் வீடற்றவர் என்ற நிலையிலிருந்து நீங்குவது வீட்டால் அன்றிப் பதிவேட்டால் தீர்மானிக்கப்படுமானால், அந்தப் பதிவேட்டைக் கேள்வி கேட்க எவரேனும் இருக்கவேண்டும்.

சட்டத்தில் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. பிறர் காணியைப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஓடிப்போனவரின் காணியில் வேறொருவர் இருந்துவிட்டால் உரிமையே போய்விடும் என்ற அச்சம் அகதிகளை வாட்டியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக்குழுவின் செயல்களால் காணியை அணுக முடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக்கூடாது என்றது. ஆனால் அதன் பயனைப் பெற உறுதி வேண்டும், வரைபடம் வேண்டும், சட்டத்தரணி வேண்டும். ஓடும்போது பிள்ளையைத் தூக்கியவர் உறுதிப் பெட்டியைத் தூக்கவில்லை. அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். கணவன் காணாமற் போன பெண், இறப்புச் சான்றிதழ் இல்லாமல் அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்ற முடியாமல் அலைந்தாள்.

திருகோணமலையின் ஆலயங்கள் இன்று செய்யக்கூடிய பணி இங்கேதான் இருக்கிறது. புதிய கட்டடம் தேவையில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பழைய பதிவேடுகள் பங்குகளில் உள்ளன. யார் எந்த ஆண்டில் எந்த ஊரில் வாழ்ந்தார் என்பதற்கு அவை துணைச் சான்றாகும். கோயில் தர்மகர்த்தாக்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் அத்தகைய ஏடுகள் உண்டு. நான்கு சமயத்தாரும் சேர்ந்து ஒரு காணி உதவி மேசையைத் தொடங்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு சட்டத்தரணி, ஒரு நில அளவையாளர், மனு எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும். மதமாற்ற ஐயத்துக்கும் அதுவே சிறந்த மறுமொழி.

தேவை தீர்ந்துவிடவில்லை. 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானத்தை இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தே தொடக்கிவைத்தனர். நிலக்கரியைவிடச் சூரிய ஒளி நல்லது என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டில், துறைமுக அதிகாரசபைக்கு உரியதாகச் சொல்லப்படும் முத்துநகரில் பல்லாண்டுகளாக நெல் விதைத்த விவசாயிகள், தங்கள் வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்காக எடுக்கப்படுவதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் தொடர்ந்து அமர்ந்தனர். பசுமை மின்சாரத்தின் பெயரில் நிலமற்றவர்களாகும் இவர்கள், போரின் பெயரில் நிலமற்றவர்களானவர்களிலிருந்து எவ்வகையிலும் வேறானவர்கள் அல்லர்.

திருகோணமலையில் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் ஆலயத்தில் அரிசியும் பருப்பும் சேகரிக்கும்போது, அதை வாங்குகிறவரிடம் அவருடைய காணி எங்கே, அது இப்போது யார் வசம் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.